குளம் காக்கும் குழுக்களுக்கு எப்படித் துணைநிற்பது? செங்கோட்டை – தென்காசி எல்லைப் பகுதிக்கான கேள்வி பதில்

புளியரை சோதனைச் சாவடிக்குக் கிழக்கே தென்காசி வரையிலும், மேற்கே ஆரியங்காவு, கழுதுருட்டி வரையிலும் ஊருக்கு ஊர் சிறு குழுக்கள் இருக்கின்றன. ஒன்று குளத்தைப் பார்க்கும், இன்னொன்று குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை, வேறொன்று ஆற்றங்கரையையோ காட்டோரத்தையோ. அவர்களுக்குப் பணமோ உழைப்போ தர நினைப்பவர்களும், புதிதாகக் குழு தொடங்குகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

குழு என்றால் சங்கமாகப் பதிந்திருக்க வேண்டுமா?

வேலை செய்வதற்குப் பதிவு வேண்டியதில்லை. பணம் வாங்குவதற்குப் பதிவு வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஞாயிறு காலையில் மடையைச் சுத்தம் செய்வதற்கு எந்தப் பதிவும் தேவைப்படாது. ஆனால் வங்கிக் கணக்கு, நன்கொடை ரசீது, அரசுத் துறையோடு ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் பெயரும் விதிகளும் உள்ள அமைப்பு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிந்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் ஆண்டு உற்சாகத்தில் பதிவார்கள், மூன்றாம் ஆண்டு தாக்கல் நின்றுபோகும், பிறகு ஒரு நல்ல உதவி வரும்போது காகிதம் செல்லாது.

ஆகவே ஒரு வருடமாவது பதியாமல் வேலை செய்து பாருங்கள். எத்தனை பேர் நிலைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பதிந்தால் போதும்.

குளம் யாருடையது, யாரிடம் அனுமதி கேட்பது?

ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேற்பட்ட குளங்கள் பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணியும் குட்டையும் பெரும்பாலும் கிராம ஊராட்சியிடம் இருக்கும். காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஓடை, குட்டை எல்லாம் வனத்துறையுடையவை. அங்கே அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம்.

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் குளத்தின் பரப்பும் வகைப்பாடும் தெரியும். புல வரைபடம் வாங்கிவிட்டால் எல்லை தெரியும். செங்கோட்டைப் பக்கத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இந்தப் பகுதி 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய பத்திரங்கள் திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தவை, கொல்லம் ஆண்டில் தேதியிட்டவை. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். பழைய பத்திரம் ஒன்றில் 1110 என்று கண்டால் மிரளாதீர்கள், அது 1935-ஐ ஒட்டியது.

எல்லை தெரிந்ததும் கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குளத்து விஷயம் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானத்தில் குளத்தின் பெயர், சர்வே எண், செய்யப்போகும் வேலை, காலம், பொறுப்பாளர்கள் எல்லாம் இருக்கட்டும். 'குளத்தைச் சுத்தம் செய்ய' என்று மொட்டையாக எழுதினால் பிறகு யாராவது 'மண் அள்ளுகிறார்கள்' என்று மனு கொடுக்கும்போது அந்தத் தீர்மானம் உங்களைக் காப்பாற்றாது.

பணம் தரலாம் என்றிருக்கிறேன். எதற்குக் கொடுத்தால் உருப்படியாகும்?

தொடக்க விழாவுக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு எப்போதும் ஆள் கிடைக்கும். பெயர்ப்பலகை வைக்க, ஜேசிபி வாடகை கட்ட, கன்று வாங்க என்று வருகிறவர்கள் பலர். அதற்குப் பிறகு வருகிற மூன்று வருடத்துக்குத் தண்ணீர் ஊற்ற, வேலி கட்ட, முளைத்த களையைப் பிடுங்க, கணக்கு எழுதத்தான் காசு இருக்காது. பாதியில் நின்ற குளங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நின்றன.

ஒரு கணக்கு. கரையில் 300 கன்று நட்டிருக்கிறார்கள். பிப்ரவரி முதல் மே கடைசி வரை வாரம் ஒரு முறை கன்றுக்கு 15 லிட்டர் என்றால் 4,500 லிட்டர். டிராக்டர் தொட்டி ஒன்று 5,000 லிட்டர் பிடிக்கும். ஆக வாரத்துக்கு ஒரு லோடு, பதினேழு வாரத்துக்குப் பதினேழு லோடு, அதோடு ஊற்றுகிறவருக்கு வாரம் ஒரு நாள் கூலி. இதை உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். கன்று வாங்கிய தொகையைவிட இது கூடுதலாக வரும். இந்தச் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டால் அந்தக் கரையில் மரம் நிற்கும்.

மொத்தமாக ஒரே தடவை கொடுப்பதைவிட மாதாமாதம் சிறு தொகையாகத் தருவது குழுவுக்கு நிம்மதி. கையில் ரொக்கமாகத் தராமல் கணக்குக்கு அனுப்புங்கள். மூன்று நிர்வாகிகளில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாதக் கணக்கைச் சாவடியிலோ கோயில் முன்போ வாசித்துக் காட்டுகிற குழுவை நம்பலாம்.

ஊர்க்காரன்தான், ஆனால் வளைகுடாவில் இருக்கிறேன். என் பணம் வெளிநாட்டு நிதி ஆகுமா?

நீங்கள் இந்தியக் குடிமகன் என்றால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் பாஸ்போர்ட் நகலைக் குழு வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் கேள்வி வராது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் அனுப்பினால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை கையில் இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவும் அதற்குரிய தனிக் கணக்கும் இல்லாத குழு அதை வாங்கவே கூடாது. அன்போடு அனுப்பிய தொகை குழுவைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு வரும்போது உழைப்பாகவோ அறிவாகவோ தரட்டும்.

வரிவிலக்கு கிடைக்குமா?

குழுவுக்கு வருமான வரித் துறையின் 80ஜி பதிவு (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு தருவது) இருந்தால், நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் கிடைக்கும். பெரும்பாலும் நன்கொடையில் பாதி, அதுவும் வருமான உச்சவரம்புக்கு உட்பட்டு. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவு கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது.

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டுவர முடியுமா?

முடியும். குழுவிடம் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி பதிவுகளும், சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லையென்றால், ஏற்கெனவே வைத்திருக்கும் நம்பகமான அமைப்பு ஒன்றின் வழியாகப் போகலாம். கவனிக்க வேண்டியது காலம். நிறுவனங்கள் நிதியாண்டு முடிவதற்குள், பிப்ரவரி மார்ச்சில் செலவழிக்கத் துடிக்கும். அந்த மாதங்களில் நம் பகுதியில் கன்று நட்டால் செத்துப்போகும். பிசான நெல் அறுவடை நேரம் என்பதால் ஆளும் கிடைக்காது. 'மார்ச்சுக்குள் ஆயிரம் கன்று நட்டுப் படம் அனுப்புங்கள்' என்று கேட்டால் குழு மறுக்க வேண்டும். மார்ச்சில் செய்யத்தக்க வேலைகள் உண்டு: மடை பழுது, கதவு மாற்றுதல், வரத்துக்கால் தூர்வாருதல், வேலிக்கல் வாங்கி வைத்தல். உள்ளே இருக்கும் நீங்கள்தான் இதை நிறுவனத்துக்குப் புரியவைக்க முடியும்.

காசில்லை. ஒரு நாள் வந்து உழைக்கலாமா?

தாராளமாக வரலாம். ஒரு நாள் வருகிறவர்கள் ஐம்பது பேரைவிட மாதம் ஒரு நாள் தவறாமல் வருகிறவர்கள் ஐந்து பேர் மேல். கம்ப்யூட்டர் தெரிந்தவர் வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தரலாம், மனு தட்டச்சு செய்து தரலாம்.

தண்ணீரில் இறங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். கால் கையில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம். தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். மழைக்காலத்தில் பல நாள் தொடர்ந்து இறங்குகிறவர்கள் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்து, டாக்சிசைக்ளின் தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாங்களாக மாத்திரை போடக் கூடாது. வேலை முடிந்து ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் 'குளத்தில் இறங்கினேன்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும். கரைப் புதரில் கண்ணாடி விரியன் இருக்கும். கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், 108-ஐ அழையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: அன்றாடக் கூலியை நம்பி இருக்கிறவரிடம் இலவச உழைப்பு கேட்கக் கூடாது. நாள் முழுக்க வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும்.

குளம் முழுக்க அமலைச் செடி. எத்தனை தடவை எடுத்தாலும் வருகிறதே?

ஆகாயத்தாமரை என்று புத்தகத்தில் எழுதப்படுவதுதான் நம் பக்கத்து அமலை. நல்ல வெயிலும் சத்துள்ள நீரும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். பத்தில் ஒரு பங்கை விட்டுவைத்தாலும் இரண்டு மாதத்துக்குள் குளம் மறுபடி மூடும். பாதி குளத்தோடு நிறுத்துகிற வேலை வீண் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். ஆள் குறைவாக இருந்தால் தடுப்புக் கயிறு கட்டிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுதாக முடித்த பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும்.

எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அடர்ந்து கிடந்தால் ஒரு சென்ட் பரப்பில், அதாவது சுமார் 40 சதுர மீட்டரில், ஏறத்தாழ ஒரு டன் பச்சைச் செடி இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கையால் தூக்கிப் போடுவது இடுப்பை முறிக்கும் வேலை. காற்றைப் பயன்படுத்துங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்று மிதக்கும் செடியையெல்லாம் கிழக்குக் கரையில் கொண்டுபோய் ஒதுக்கும். நம் குளங்களில் கரையும் மடையும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அப்போது 40 மீட்டர் நைலான் கயிற்றை இருமுனையிலும் இருவர் பிடித்து, செடித் திட்டுக்குப் பின்னால் வளைத்து, கரையை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வேருக்குக் கீழே அரை அடி ஆழத்தில் போக வேண்டும். மேலே போனால் இலைகள் மடிந்து கயிறு வழுக்கிவிடும். முனைக்கு முனை ஒரு செங்கல்லைக் கட்டினால் ஆழம் நிற்கும். வேகமாக இழுத்தால் தாய்ச்செடியையும் சேய்ச்செடியையும் இணைக்கும் தண்டு அறுந்து, குட்டிகள் கயிற்றுக்குப் பின்னால் மிதந்து திரும்பிப் போகும். அவைதான் அடுத்த மாதத்துக் குளம். அதனால் பின்னால் ஒருவர் வடிகூடையோடு வந்து அவற்றைப் பொறுக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாத குழுக்கள்தான் 'எடுத்தாலும் வருகிறது' என்கின்றன.

எடுத்ததை நீரோரம் குவிக்காதீர்கள், முதல் மழையில் திரும்ப உள்ளே போகும். கரைக்கு வெளிப்பக்கம் கொண்டுபோய் மெல்லியதாக விரித்து ஒரு வாரம் காயவிட்டால் எடை விழுந்துவிடும். பிறகு துண்டாக்கி, சாணக் கரைசலோடு மூன்றடி உயரத்துக்கு அடுக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். சாக்கடையோ தொழிற்கழிவோ கலக்கிற குளத்துச் செடி என்றால் அந்த உரத்தைக் காய்கறிக்குப் போட வேண்டாம், கன உலோகங்களை இழுத்து வைத்திருக்கும் செடி அது.

சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும். அதனால் மூன்று ஆண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று பார்வை அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாக்கடை எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். அமலைக்குத் தீனி அதுதான். வீட்டுக்கழிவு விழும் வாய்க்காலை உறிஞ்சுகுழிக்கோ வடிகட்டும் படுகைக்கோ திருப்பாமல் செடியை மட்டும் எடுப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான்.

காட்டோரத்து உண்ணிச்செடியை (லான்டானா) வெட்டித் தள்ளலாமா?

வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும். தண்டையும் வேரையும் இணைக்கும் கழுத்துப் பகுதியில்தான் துளிர் மொட்டுகள் இருக்கின்றன. மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை அறுத்து, அந்தக் கழுத்தோடு புதரை வெளியே எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்தால் திரும்பப் பிடிக்காது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை இது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் கறுக்கும் முன் செய்ய வேண்டும். கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவிகள் தின்று, உட்காரும் மரத்தடியில் விதைக்கும். எனவே அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் மரத்தடிகளில் நாற்றைப் பிடுங்க வேண்டும், திறந்த இடத்தில் உள்ளூர்ப் புல் விதைக்க வேண்டும். வெறுமண்ணாக விட்டால் அடுத்த களைதான் வரும்.

இந்த மலைச்சரிவு நெல்லை வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியது. உண்ணிப் புதரில் கரடி படுத்திருக்கும். வனத்துறை அனுமதியும், கூடவே வனக் காவலரும் இல்லாமல் இறங்காதீர்கள். பட்டா நிலத்து ஓரம் என்றால் காலை ஏழு மணிக்குப் பிறகு, பேச்சுச் சத்தத்தோடு போகலாம்.

சீமைக் கருவேலம்?

தூரோடு பிடுங்க வேண்டும், வெட்டினால் துளிர்க்கும். குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரத்தை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாட்டுக் கருவேலின் காய் மணிமணியாகக் கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும், பூ மஞ்சள் உருண்டை. சீமையின் பூ நீண்ட கதிர். கொக்கும் நாரையும் கூடு கட்டுவது நாட்டுக் கருவேலில். ஜேசிபி ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியாது. முந்தின நாளே காப்பாற்ற வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

கரம்பை அள்ளினால் குளம் ஆழமாகும்தானே?

அள்ளும் இடத்தைப் பொறுத்தது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் குளத்து வண்டல் மண்ணை இலவசமாக எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கலாம். ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது அளவு. அறிவிப்பு வெளியான குளங்களில் மட்டுமே எடுக்கலாம்.

தவறுகள் மூன்று. கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது முதலாவது. குளம் பெருகும்போது கரை உள்ளே சரியும். இரண்டாவது, அடியில் இருக்கும் கெட்டிக் களிமண் படலத்தை உடைப்பது. பல தலைமுறையாகப் படிந்த அந்தப் படலம்தான் தண்ணீரைத் தாங்குகிறது, உடைத்தால் மார்கழியில் நிரம்பிய குளம் தைக்குள் வற்றும். மூன்றாவது, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே குழி தோண்டிவிட்டுப் பாசன நீர் கூடும் என்று நம்புவது. அந்தத் தண்ணீர் மடையில் ஏறாது. ஆடுமாட்டுக்கும் மீனுக்கும் பறவைக்கும் ஆகும், அதற்காக ஒரு மூலையில் குழி வைத்துக்கொள்வது நல்லதே. எங்கே எடுப்பது என்று குளத்துத் தண்ணீரைத் திறந்து பங்கிட்ட பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவரைக் கூட்டி வந்து கேளுங்கள். எந்த இடத்தில் கசிந்தது, எந்த வருடம் உடைத்தது என்று அவருக்குத் தெரியும்.

என்ன மரம், எப்போது நடுவது?

ஜூனில் குற்றாலத்தில் சாரல் விழுகிறதே என்று அப்போதே நடுகிறார்கள். செங்கோட்டை, புளியரைப் பக்கம் அது பிழைக்கலாம். தென்காசி தாண்டிக் கிழக்கே போனால் சாரல் இல்லை, காற்று மட்டும்தான். ஆடிக் காற்று கன்றை வேரோடு ஆட்டி முறித்துவிடும். ஐப்பசி மழை தொடங்கியதும் நடுங்கள்.

குழி நீளம், அகலம், ஆழம் ஒன்றரை அடி. மேல்மண்ணைத் தனியே வைத்து, மக்கிய எருவோடு கலந்து அதையே முதலில் உள்ளே போடுங்கள். மூன்று நான்கு அடி உயரக் கன்று வேண்டும், ஓரடிக் கன்று ஆட்டுக்கு ஒரு வாய். நீரோரத்துக்கு நீர்மருது, நாவல், புங்கு. மேட்டுக்கு இலுப்பை, வேம்பு. கரையின் மேலேயும் உள்சரிவிலும் பெருமரம் வேண்டாம். மரம் பட்டு வேர் மக்கினால் அந்தப் பொந்து வழியாகத் தண்ணீர் புகுந்து கரை உடைக்கும். கரையின் வெளியோரத்துக்குப் பனை விதை நல்லது. பத்தடிக்கு ஒன்று, அரை அடி ஆழத்தில்.

எண்ணிக்கையை ஊதாதீர்கள். நட்டது எத்தனை என்று கேட்பவரிடம், இரண்டாம் வருடம் நிற்பது எத்தனை என்று சொல்லுங்கள்.

கேரளாவிலிருந்து வந்த கழிவைக் குளத்தோரம் கொட்டியிருக்கிறார்கள். என்ன செய்ய?

தொடாதீர்கள், எரிக்காதீர்கள், புதைக்காதீர்கள். எரித்துவிட்டால் ஆதாரமும் போகும், புகையும் ஊருக்கு வரும். இடம் தெரிகிற மாதிரியும், அருகிலிருந்தும் படம் எடுங்கள். தேதி, நேரம், ஜிபிஎஸ் பதிவாகட்டும். கழிவில் கிடக்கும் மருந்துச் சீட்டு, பெட்டியின் முகவரி, பார்கோடு இவைதான் முக்கியம், அவற்றைக் கம்பால் தள்ளிப் படமெடுங்கள். மஞ்சள், சிவப்புப் பைகளும் ஊசிகளும் இருந்தால் அது மருத்துவக் கழிவு. காவல் நிலையம், ஊராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமாக அதே நாளில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பலன் கிடைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டதன் பேரில் லாரிகளில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோகப்பட்டது. அந்தக் குப்பையில் கிடந்த காகிதங்கள்தான் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன.

லாரியை நீங்களே மறிக்க வேண்டாம். எண்ணைக் குறித்துச் சொல்லுங்கள், அது போதும். அப்புறம் ஒன்று, 'கேரளாக்காரர்கள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். கொட்ட இடம் காட்டிக் காசு வாங்குகிறவர் பல சமயம் இந்தப் பக்கத்து ஆள்தான்.

மீன்பாசி (குளத்து மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்காரரோடு சண்டை வந்துகொண்டே இருக்கிறது.

அவர் ஏலத்தில் பணம் கட்டியிருக்கிறார், அவரை எதிரியாக்கினால் குழு ஒரு வருடம்கூட நிற்காது. குத்தகை ஆணையின் நகலை வாங்கிப் படியுங்கள், ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு என்றால் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். மீன் பிடிக்கத் தண்ணீரைத் திறந்துவிடுவது, வெடிபோட்டுப் பறவை விரட்டுவது, தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதில் பேசி முடியுங்கள். அடுத்த ஏலத்துக்கு முன் 'மடை மட்டத்துக்குக் கீழே இரண்டடி நீர் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தால், சண்டைக்கே வேலை இராது.

ஆக்கிரமிப்பு?

குழு நேரடியாக இறங்கக் கூடாது. அளந்து தரச் சொல்லி மனு மட்டும் கொடுங்கள். குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அகற்றுவது அதிகாரிகள் வேலை.

பறவைக் கணக்கு, நீர்மட்டக் கணக்கு எல்லாம் எதற்கு?

அலுவலகத்தில் உங்கள் சொல்லுக்கு எடை சேர்ப்பது அதுதான். மடைக் கல்லில் அடிக்கு அடி வண்ணக் கோடு போட்டு, திங்கள்தோறும் ஒரே நேரத்தில் அளவு எழுதுங்கள். இரண்டு பருவம் எழுதினால் வரத்துக்கால் எப்போது அடைபட்டது என்று நோட்டே காட்டிவிடும். மழை பெய்தும் மட்டம் ஏறவில்லை என்றால் அடைப்பு மேலே இருக்கிறது.

பறவைக்கு ஜனவரி நல்ல மாதம். காலை ஆறரை முதல் எட்டரை, கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரே இடத்தில் நின்று, ஒருவர் எண்ண மற்றவர் எழுத வேண்டும். நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன் இந்த ஐந்தை மட்டும் எண்ணத் தொடங்கினாலும் போதும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் உங்கள் குளத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊர் மக்கள் பறவையைக் காத்ததை அரசும் ஏற்ற இடங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் 2005-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கூந்தன்குளம் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

நாங்கள் எல்லைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கத்துத் தமிழர்கள். எங்களுக்கும் இதேதானா?

வேலை அதே, காகிதம் வேறு. சங்கப் பதிவு 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டப்படி, அங்கும் 7 பேர். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை நாடுங்கள், உங்கள் காவு (கோயில் காடு), ஓடை, மூலிகை எல்லாம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழில் எழுதிக் கொடுத்து மலையாளத்தில் சேர்க்கச் சொல்லலாம். பிளாஸ்டிக்குக்கு, வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனா இருக்கிறது. காட்டு வேலைக்கு வன சம்ரக்ஷண சமிதி (வனத்துறையோடு ஊர் மக்கள் சேர்ந்த வனப் பாதுகாப்புக் குழு) வழியாகப் போக வேண்டும். கிழக்கே இருக்கும் பல்லுயிர்க் குழுக்களும் 2002-ஆம் ஆண்டின் அதே மத்தியச் சட்டத்தின்படி அமைந்தவைதான், ஆகவே இரு பக்கமும் பேசிக்கொள்ளலாம்.

கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. என்ன செய்வது?

மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? நம் ஊர்களில் பாதி வீட்டில் பீடித் தட்டு இருக்கிறது. கட்டு கொண்டுபோய்க் கொடுக்கிற நேரம், சோறு வடிக்கிற நேரம் இரண்டையும் கேட்டுக்கொண்டு, அவர்கள் சொல்கிற நேரத்தில், அவர்கள் பீடி சுற்றுகிற திண்ணையிலேயே கூட்டம் வையுங்கள். அவர்கள் கையும் ஓயாது, பேச்சும் நடக்கும். கடைமடை விவசாயி, ஆடு மேய்ப்பவர், துணி வெளுப்பவர், வலை வீசுகிறவர் ஆகியோரையும் அவரவர் இடத்தில் போய்க் கேளுங்கள். மடையின் தலைப்பில் வயல் உள்ளவர்கள் மட்டும் கூடி எடுத்த முடிவு கடைமடைக்குப் பாதகமாக இருந்து, அதனாலேயே உடைந்த குழுக்கள் உண்டு.